எடை போடப் போன வீடு

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சி, போலீஸ், பரீட்சை, பெரிய மனிதர்களின் மேஜை, இப்படி நான் பயப்படாத பொருள் குறைவு. அப்படிப்பட்ட எனக்கு முதல் வேலை அரசு ஆஸ்பத்திரியில் அமைந்தது. ஆஸ்பத்திரியில் வேலை என்றால் ஆஸ்பத்திரி வேலை இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நடமாட வெளியாளுக்குக் கொடுத்த அனுமதி, அவ்வளவுதான். அந்த வித்தியாசம் புரியாமல் எங்கள் தெருவில் என்னை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் பயந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. மதுரையில் ஒரு கல்லூரியில் இருந்த ஆராய்ச்சிக் குழு, எடை குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் எப்படித் தேறி வருகிறார்கள் என்று பார்க்க ஆள் தேடியது. சமூகப் பணி படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் வீட்டோடு இருந்த என்னை எடுத்துக்கொண்டார்கள். பிரசவ வார்டில் தாய்மார்களிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். பிறகு மாதம் ஒருமுறை அவர்களுடைய வீட்டுக்கே போய்க் குழந்தையை எடை போட்டு எழுதி வர வேண்டும். ஒரு வருடத்துக்கு.

அனுமதிக் கடிதம் வந்த அன்று ஆஸ்பத்திரி ஆபீசில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். அங்கிருந்த கிளார்க் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வெள்ளைக் கோட்டு போடக் கூடாது. மருந்து, ஊசி பற்றி வாயே திறக்கக் கூடாது. நோயாளியின் கேஸ் ஷீட்டைத் தொடக் கூடாது. வீட்டுக்குப் போனால் அந்தப் பகுதி கிராம நர்ஸ் கூட வர வேண்டும். இது அரசாங்க வேலை இல்லை, விருப்பம் இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எழுதிய சம்மதத் தாளைப் போகிற வீட்டில் எல்லாம், போகிறபோதெல்லாம் படித்துக் காட்ட வேண்டும். கடைசியாக, காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் இந்த அனுமதியை ரத்து செய்வார்கள்.

"புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுது சார்."

"மீறுனா போலீஸ் கேஸ் ஆயிரும். பொம்பளப்புள்ள, பாத்து நடந்துக்க."

கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்கு மறந்துவிடும்போல இருந்தது. வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு உலகமே டிக்கெட்டும் ஸ்டேஜும்தான்.

"டிக்கெட் எதுவரைக்குமோ அதுவரைக்கும்தான் தாயி," என்றார். "ஸ்டேஜ் தாண்டிட்டா செக்கிங் ஏறுறானோ இல்லையோ, நம்ம இறங்கிரணும்."

இறங்கிவிடுவேன் என்றுதான் நானும் நினைத்தேன். தைரியமாக எதையாவது செய்துவிடுவேன் என்று என்னைப் பற்றி யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் துணியில் சுற்றிய பெண் குழந்தை, கோழிக்குஞ்சு கனம்கூட இல்லாதது. ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் தோட்டக்காட்டு ஊர். பார்க்க யாரும் வந்திருக்கவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டுச் சம்மதத் தாளைப் படிக்க ஆரம்பித்தேன். மறுத்தால் ஒன்றும் ஆகாது என்ற வரி வந்ததும் அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"இத வீட்டுக்கு வந்தும் படிப்பீங்களா?"

"ஆமா. ஒவ்வொரு தடவையும் படிக்கணும்."

"எங்க வீட்டுல படிக்காதீங்கக்கா."

ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. கவர்மெண்ட்டுல இருந்து எடை போட வாராங்கன்னு நெனச்சுக்கட்டும்," என்றாள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். தாளை வாங்கி அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பகுதி கிராம நர்ஸ் அன்று தற்செயலாக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வராந்தாவில் அவரை நிறுத்திக் கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு பொண்ணு வீட்டுல இருக்கு. மூணாவதும் பொண்ணு. ஒரு வாரத்துல பால் பொறையேறிப் போச்சுன்னு சொன்னாங்க. இது நாலாவது. நான் எதையும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் எங்கிட்ட எதையும் கேக்கல."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட பேச்சு காதில் விழாமல் வளர்ந்தவர்கள் யாரும் இல்லை. பேச்சாகக் கேட்பது வேறு. துணிக்குள் விரலை மூடி மூடித் திறந்துகொண்டிருந்த ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து படுப்பது வேறு.

முதல்முறை நர்ஸோடு போனேன். எங்கள் தராசு ஸ்பிரிங் தராசு. விட்டத்துக் கம்பியில் அதை மாட்டி, கீழே துணித் தூளியைத் தொங்கவிட்டு, அதில் பிள்ளையைப் படுக்கவைப்போம். மற்ற வீடுகளில் இதற்கு நடக்கிற அமர்க்களம் கொஞ்சமில்லை. எடையைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரி வரும்முன் முடித்துவிட வேண்டும். நான் வாசல் தாண்டுவதற்குள் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிடுவார்கள். என் கண்ணே பட்டுவிடுமாம். கன்னத்தில், நெற்றியில், உள்ளங்காலில் என்று மைப்பொட்டு வேறு. அந்த வீட்டில் அப்படி ஒன்றுமே இல்லை. எடை என்ன என்று கேட்கவில்லை, சுற்றிப் போடவில்லை. குழந்தையின் முகத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. இந்தப் பிள்ளைமேல் யாரும் கண் வைப்பார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. 

அவளுடைய புருஷன் முரடராக இருப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. மெலிந்த, அமைதியான மனிதர். தோட்டத்தில் வெண்டைக்காயும் தக்காளியும் போட்டிருந்தார், கொஞ்சம் மல்லிகையும் உண்டு. எங்களுக்கு நாற்காலி போட்டு, வேறு யாரையும் அனுப்பாமல் தானே ஓடிப் போய்க் கடையில் கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண்பிள்ளை வேறு யாராக இருக்க முடியும்.

"இந்த எடைய எங்க குடுப்பீங்க டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் சொன்னார். "மேல போகும்."

சம்மதத் தாள் என் பைக்குள்ளேயே இருந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். படிக்காமலே எழுந்து வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் போலீஸ் கேஸ் என்ற சொல் என் காதுக்குள் நின்றது.

அடுத்த முறையும் அதே மரியாதை, அதே கலர். குழந்தை கொஞ்சம் தேறியிருந்தது. தராசைக் கழற்றும்போது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு டீச்சர் வருவீங்க?"

"ஒரு வருசம்."

"ஒரு வருசம்," என்று அவரும் சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். கோபமில்லை, வெறுப்பில்லை, வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்த ஆள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல்தான் என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. யாரிடம் போய் என்ன சொல்வது? எத்தனை நாள் வருவீர்கள் என்று கேட்டார், அவர்மேல் நடவடிக்கை எடுங்கள் என்றா? இன்றுவரை அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. சும்மாகூடக் கேட்டிருக்கலாம். ஆனால் சும்மா கேட்டதாக நினைத்துக்கொண்டு விட்டுவிட என்னால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அனுமதி போனது. வேறு எந்தக் குழுவிலோ இருந்த ஒரு ஆள் பிரசவ வார்டுக்குள் போட்டோ எடுத்துவிட்டாராம். பெரிய ரகளையாகி, வெளியாட்கள் அத்தனை பேருடைய அனுமதியையும் நிறுத்திவிட்டார்கள். கிளார்க் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"ஒன்னைச் சொல்லல பாப்பா, எல்லாருக்கும்தான். இனிமே இந்தப் பக்கமும் வராத, வீடுகளுக்கும் போகாத. போனேன்னு தெரிஞ்சா நானே எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்."

எஸ்.டி.டி. பூத்தில் இருந்து மதுரைக்குப் போன் போட்டேன். எங்கள் பேராசிரியர் நல்லவர். வேலையை நிறுத்து, புது அனுமதி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார். அந்த வீட்டைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நாம ஆராய்ச்சி பண்ணப் போனவங்கம்மா. காவல் காக்கப் போகல. அங்க இருக்கிற நர்ஸ்கிட்ட சொல்லு," என்றார். நர்ஸிடம் போனேன்.

"நான் தடுப்பூசிக்குப் போறப்ப பாத்துக்கிறேன்," என்றார் அவர். "ஆனா எனக்கு எம்புட்டு ஊருன்னு ஒனக்கே தெரியும். தெனமும் அந்த வாசல்ல போயி நிக்க முடியுமா? ஒங்கூட வந்தேன்னா எனக்கு மெமோ. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் தெரியவில்லை. அவரும் பயந்தார், நானும் பயந்தேன், எல்லாரும் அவரவர் கடிதத்துக்குள் ஒழுங்காக நின்றுகொண்டோம். எடை போட வேண்டிய நாள் நெருங்கியது.

அந்த நாள் காலையில் போவதில்லை என்று முடிவுசெய்து, குளித்து, சாப்பிட்டு, தராசைப் பையில் வைத்து, போவதில்லை என்று சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பிறகு வாய்க்கால் மேட்டிலேயே நடந்தேன். ஒரு பம்புசெட் சத்தம் கேட்டால் நின்றேன், எதிரே சைக்கிள் வந்தால் நின்றேன். யாராவது ஒரு பெரிய மனிதர் மறித்து, உன் கடிதத்தைக் காட்டு என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டு போனேன். குழந்தை இருக்குமா என்ற கேள்வியை மட்டும் யோசிக்கவிடாமல் தள்ளித் தள்ளி வைத்தேன்.

குழந்தை இருந்தது. அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய புருஷன் போட்ட நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"நர்ஸம்மா வரலையா?"

"மீட்டிங்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டுக்கொண்டார். "பக்கத்து ஊருல எந் தங்கச்சி வீட்டுலயும் நீங்கதான் எடை போடுறீங்களாம் டீச்சர். அங்க ஏதோ ஒரு தாளப் படிச்சுக் காட்டுனீங்களாம். வேணாம்னா வேணாம்னு சொல்லிரலாம்னு அதுல போட்டுருக்காமே. எங்க வீட்டுல மட்டும் படிக்கலையே."

சாதாரணமாகத்தான் கேட்டார். படித்தால் அந்தக் குழந்தைக்கு இருக்கிற ஒரே காவலும் போகும். படிக்காவிட்டால், அனுமதியில்லாமல் வந்தவள், தாளையும் மறைத்தவள். யோசிக்கக்கூட முடியாமல் பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தேன்.

"குடுங்கக்கா, நான் படிக்கிறேன்," என்று அவள் கையை நீட்டினாள்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கிற குரல். முதல் சில வரிகள் தாளில் உள்ளவைதான். பிறகு நிறுத்தாமல், தடுமாறாமல் தொடர்ந்தாள்.

"இதற்கு முன்பு குழந்தை இறந்துபோன வீடுகளில், குழந்தை பள்ளிக்கூடத்தில் சேரும் வரை மாதந்தோறும் எடை பார்க்கப்படும். எடை குறைந்தாலோ, குழந்தையைக் காட்ட மறுத்தாலோ, மேலிடத்துக்கு உடனே தகவல் கொடுக்கப்படும்."

அந்தத் தாளில் அப்படி ஒரு வரி கிடையாது. அதை எத்தனையோ வீடுகளில் படித்தவள் நான். எந்தத் தாளிலும் கிடையாது.

"தங்கச்சி வீட்டுல செத்துப்போன புள்ள இல்லேல்ல," என்றாள் அவரிடம். "அதான் அவங்களுக்கு வேற தாளு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா டீச்சர்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணால் கெஞ்சவில்லை, சைகை காட்டவில்லை. தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அவள் கதி என்ன என்று எனக்குத் தெரியும். என் கதியும் தெரியும். அரசாங்க ஆள் என்று சொல்லி ஒரு வீட்டை மிரட்டியதாக வழக்கு வரும், அப்பாவின் வேலைக்கும் கேடு வரும். அத்தனையும் அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

"ஆமா," என்றேன்.

எடை போட்டேன். எழுதினேன். கலரை வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தேன். வாய்க்கால் மேட்டுக்கு வந்ததும் குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

ராத்திரி அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"பள்ளிக்கூடத்துல சேக்குற வரைக்கும்னா சொல்லுச்சு அந்தப் புள்ள?"

"ஆமாப்பா."

"நீ அதுக்கும் ஆமான்னுட்ட."

"ஆமாப்பா."

"அந்த ரூட்டுல டூட்டி கேட்டு வாங்குறேன். ஒத்தையில போயி வர வேணாம்," என்றார். அவருக்கும் பயம்தான். கை விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே இருந்தார்.

புது அனுமதி வந்தபோது அதில் அந்தப் பக்கத்து ஊர்களே இல்லை. ஆராய்ச்சியும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். டீச்சர் என்று கூப்பிட்ட அந்த மனிதரின் வாய்முகூர்த்தம் என்று அம்மா சிரித்தாள். சம்பளத்தில் ஒரு ஸ்பிரிங் தராசு வாங்கினேன். மாதம் தவறாமல் ஒரு சனிக்கிழமை அப்பாவின் பஸ்ஸில் போய் இறங்கினேன். தாளில் இல்லாத ஒரு வரிக்காக, யாரும் கொடுக்காத அனுமதியோடு போனேன். பழகப் பழகப் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. வழியில் நர்ஸ் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், "நான் ஒன்னப் பாக்கல," என்பார், இரண்டு எட்டு போய், "நல்லா இருக்கா, ஊசி போட்டுட்டேன்," என்பார்.

குழந்தை தவழ்ந்தது, நின்றது, தூளியில் படுக்க மாட்டேன் என்று உதைத்தது. அதற்கு மூன்று வயது இருக்கும்போது எனக்கு மஞ்சள்காமாலை வந்து, ஒரு மாதம் போக முடியவில்லை. அடுத்த மாதம் போய் இறங்கியபோது பஸ் நிறுத்தத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் பிள்ளை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது, பின்னால் அவள். போன சனிக்கிழமையும் அதற்கு முந்தின சனிக்கிழமையும்கூட வந்து நின்று பார்த்தார்களாம்.

"புள்ளைக்குக் காய்ச்சல் வந்துருச்சு டீச்சர்," என்றார். "ஆஸ்பத்திரியில சேத்து நான்தான் கூடவே கெடந்தேன். முட்டை, பாலு எல்லாம் குடுக்குறோம், ஏற மாட்டேங்குது. எடை கொறஞ்சுதான் இருக்கும். நாங்க ஒண்ணும் பண்ணல டீச்சர். சத்தியமா ஒண்ணும் பண்ணல. மேல எழுதிராதீங்க."

துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. மூன்று வருடமாக இந்த மனிதரை நினைத்துத்தான் நான் தூங்காமல் கிடந்தேன். இவர் என்னை நினைத்துத் தூங்காமல் கிடந்திருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது. மேலே என்று ஒன்றும் இல்லை, நான் அரசாங்கமும் இல்லை, பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், போய் நிம்மதியாகப் பிள்ளையை வளருங்கள் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது.

அப்போதுதான் பின்னால் நின்றவளைச் சரியாகப் பார்த்தேன். வயிறு மேடிட்டிருந்தது.

என் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். தூங்குகிற பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

"இது என்ன புள்ளையா இருந்தாலும், அதுக்கும் மாசாமாசம் வந்துருங்க டீச்சர்," என்றார். "வராம இருந்துராதீங்க."

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். தன்னைத் தனியாக விட்டுவிட வேண்டாம் என்று கேட்கிற மாதிரி இருந்தது. வருகிறேன் என்று சொன்னேன்.